தலைகீழா நட்ட முந்திரிக் குச்சி

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். பேரு வீரமார்த்தாண்டரு. வீரமெல்லாம் பேருல மட்டுந்தான், அதை விடுங்க. அவரு அரமனையில ஒரு சட்டம். ராஜா வந்தா யாரா இருந்தாலும் தலை குனியணும். மந்திரி குனிவாரு, தளபதி குனிவாரு, சமையக்காரன் குழம்புச் சட்டியோட குனிவான், பாதிக் குழம்பு தரையில.

அதே ஊர்ல அஞ்சாயின்னு ஒருத்தி. புருசன் இல்ல, ரெண்டு பொட்டப்பிள்ளைங்க, கொல்லையில ஒரே ஒரு முந்திரி மரம். அது காச்சாத்தான் மூணு பேருக்கும் கஞ்சி. அந்தப் பருப்பை ஒருநாள் தின்னு பாத்த ராஜாவுக்கு நாக்கு ஊறிப்போச்சு. உடனே அவளைக் கூப்பிட்டு, "உன் மரத்துல குச்சி ஒடிச்சு என் அரமனைத் தொட்டியில நடு. துளிர் விட்டதும் உன் மரத்தை வெட்டிடுவேன்"னாராம்.

"ஐயோ மகாராஜா, அதை ஏன் வெட்டணும்?"

"என்கிட்ட இருக்கறது உன்கிட்டயும் இருந்தா அப்புறம் நான் என்ன ராஜா?"

எவ்வளவு பெரிய மனசு பாருங்க!

"துளிர்க்கலேன்னா?"

"உன் தலையை வெட்டிடுவேன்."

எப்படியும் எதையாவது வெட்டணும் அவருக்கு.

அவளும் அழுதுகிட்டே மூணு குச்சி ஒடிச்சு, அடியில சாணியும் செம்மண்ணும் கொழச்சுப் பூசி, மூணு தொட்டியில நட்டா. அப்புறம் காலையில தண்ணி, சாயங்காலம் தண்ணி. கொஞ்ச நாள்ல கணுவுல பச்சையா மொட்டு கட்டிடுச்சு. வளத்தவளுக்கு ஒரு பக்கம் சந்தோசம், மரம் போயிடுமேன்னு ஒரு பக்கம் கவலை. பாவம், என்ன பண்ணுவா?

அப்போ ராஜா பாக்க வந்தாரு. மந்திரி குனிஞ்சாரு, தளபதி குனிஞ்சாரு, அஞ்சாயியும் குனிஞ்சா. மூணு குச்சி மட்டும் விறைப்பா நிக்குது. அதப் பாத்துட்டு அவ, "மகாராஜா, மந்திரியே குனியறாரு, இந்தக் குச்சிக்கு இருக்கற திமிரப் பாருங்களேன்"னா.

வந்துச்சே கோவம் ராஜாவுக்கு! "பிடுங்கு! தலை மண்ணுக்குள்ள போற மாதிரி நடு!"

"தலைகீழாவா மகாராஜா?"

"தலைகீழாத்தான்."

"செடி பொழைக்காதே மகாராஜா?"

"பொழைக்கும்."

"உங்க உத்தரவுதானே மகாராஜா?"

"என் உத்தரவுதான்டி!"

மந்திரி, "ஆகா, செடிக்கே மரியாதை கத்துக்குடுத்துட்டீங்க"ன்னு கை தட்டினாரு. சம்பளம் வாங்குறாரில்ல? மூணு குச்சியும் ரொம்பப் பணிவா காஞ்சு போச்சு.

சபையே கேக்க உத்தரவு போட்டது ராஜாவாச்சே, அவ தலையில கை வைக்க முடியல. ஆனா வயித்தெரிச்சல் அடங்குமா? "எனக்கில்லாத மரம் இவளுக்கு எதுக்கு?"ன்னு கோடாலிக்காரனோட கொல்லைக்கே வந்துட்டாரு. பிள்ளைங்க ரெண்டும் மரத்தைக் கட்டிப் பிடிச்சுகிட்டு அழுவுதுங்க. வெட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு தின்னுடுவோம்னு, பழத்துக்கடியில தொங்கின பச்சைக் கொட்டையைப் பறிச்சாரு மகராசன்.

அஞ்சாயி ஓடி வந்தா. "கடிக்காதீங்க மகாராஜா, ஓட்டுல பால் இருக்கு, வாய் வெந்துடும். சுட்டு ஒடச்சுத் தரேன்."

"ராஜாவுக்கே திங்கச் சொல்லித் தர்றியா?"ன்னு நறுக்குனு கடிச்சாரு.

அவ்வளவுதான். உதடு வீங்கி, நாக்கு வீங்கி, கன்னம் வீங்கி, மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு. கோடாலிக்காரன், "வெட்டட்டுமா மகாராஜா?"ங்கறான். அவரால வாயைத் திறக்க முடியல. உத்தரவு இல்லாம வெட்டினா அவன் தலை போயிடுமே! கோடாலியைத் தோள்ல போட்டுகிட்டு அவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டான். வாயைப் பொத்திகிட்டு ஓடின ராஜா, வீக்கம் வடிஞ்சப்புறமும் அந்தக் கொல்லைப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. அவரு பேசாம கெடந்த நாளெல்லாம் ஊரே நிம்மதியா இருந்துச்சாம்.

அடுத்தவ கஞ்சியில கை வச்சா இந்தக் கதிதான், புரிஞ்சுதா? ராஜா வாயே மூடிடுச்சு, உங்களுக்கென்ன இன்னும் கேள்வி? கண்ணை மூடுங்க.