உள்ளங்கையில் ஒரு ஐஸ் கட்டி

மலை ஊர்களில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து, அறுபத்தோரு வயதில் கணினி கற்க ஆசிரியை மதுரவல்லியிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு முப்பத்துநான்கு. டீச்சரின் அப்பா வந்தாச்சா என்று கணினி ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே முன்வரிசையில் உட்காருவார்.

இயந்திரம் தானே திட்டம் போடும் மொழி ஒன்றை அவள் கற்பித்தாள். வேலைகளை எழுதிக் கொடுத்தால் எது முதலில், எது அடுத்து என்று இயந்திரம் வரிசை சொல்லும். காலமும் எண்ணும் அதில் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் அவையும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

"நேரமும் கணக்கும் இல்லாத வேலை ஏது டீச்சர்? அதை ஏன் வேணும்னா வச்சுக்கோன்னு விட்டாங்க?"

கேட்டவர் சவரிமுத்து. வியாழக்கிழமை மலைமேல் ஏழு ஊர்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போக வேண்டியிருந்தது. குளிர் விட்டுப்போனால் மருந்து வீண். ஜீப்புக்கு வழி போட்டுத் தரும்படி சுகாதார நிலையத்து நர்ஸ் கேட்டிருந்தார். அந்த வேலையைச் சவரிமுத்துவிடமே கொடுத்தாள்.

தபால் பையை நினைத்துக்கொண்டு எழுதினார் சவரிமுத்து. ஏற்று, போ, இறக்கு. அவ்வளவுதான்; காலமும் எண்ணும் எழுத மறந்தே போனார். இயந்திரம் நொடியில் வழி சொன்னது. ஏழு ஊரும் அதில் இருந்தன. பெருமையோடு நீட்டினார்.

மதுரவல்லி கேன்டீனிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அந்த வழியில் எத்தனை திருப்பம் இருக்கிறதோ, அத்தனை முறை கட்டடத்தைச் சுற்றிவிட்டு அதை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்னாள்.

வாட்ச்மேனுக்குக் கிடைத்தது ஈரக் கை மட்டும்.

மறுநாள் அவர் எதையும் விடவில்லை. காலம், எண், டீசல், டயர் காற்று, டிரைவர் டீ குடிக்கும் நேரம் வரை எழுதினார். காலையில் தொடங்கிய இயந்திரம் சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டே இருந்தது. வழி வரவில்லை. விடிந்தால் வியாழன்.

"நர்ஸம்மா உங்ககிட்ட என்ன கேட்டாங்க ஐயா?"

"கடைசி ஊர் வரைக்கும் குளிர் தாங்குமா, ஊசி பத்துமான்னு."

அவள் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

போகும் நேரத்தையும் குளிர் தாங்கும் நேரத்தையும் வைத்துக்கொண்டார். ஊசிகளின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டார். மற்றதை எல்லாம் அழித்தார். டீ ஆறுவதற்குள் வழி வந்துவிட்டது.

வியாழன் மாலை, தானும் கூடப் போயிருந்த ஜீப்பிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தார். மருந்துப் பெட்டிக்குள் வைத்திருந்த ஐஸ் கட்டிகளில் மிச்சம் ஒன்று அவர் கையில் இருந்தது. ஏழாவது ஊரில் கடைசிக் குழந்தைக்கு ஊசி போடும்போதும் மருந்து சில்லென்று இருந்ததாம். அந்தத் தாய் தன்னைக் கும்பிட்டதாகவும், அந்தக் கும்பிடு டீச்சருக்குச் சேர வேண்டியது என்றும் சொன்னார்.

மதுரவல்லி கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கேட்டாள்:

"எத்தனை வருஷம் தபால் கொண்டுபோனீங்க ஐயா?"

"முப்பத்தாறு."

"நேரமும் கணக்கும் இல்லாத வேலை ஏதுன்னு கேட்டீங்களே. ஒரு கடுதாசியாவது உருகிச்சா?"

சவரிமுத்து ஈரமான தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.