எந்தப் பக்கம் பார்த்து நிற்பது

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடனுக்கு ஐம்பத்தாறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சரக்கு மாறிப்போச்சு என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

குருவின் பெயர் நிரோஷினி. கண்டியில் சொந்தமாக வேன் வைத்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், ஒரே பகலில் ராசாக்களின் இடங்களையும் விகாரைகளையும் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஹோட்டலில் இறக்கிவிடுவார். ஓட்டுவதும் அவர்தான், சொல்வதும் அவர்தான்.

சீடன் அங்கமுத்து. தம்புள்ளை காய்கறிச் சந்தையில் லாரி ஓட்டி, ஏலம் கூவி ஆளானவன். தொண்டை பெரிது. கோபம் அதைவிடப் பெரிது. அந்தக் கோபத்தில் கடை போனது. பிறகு மச்சானின் இரும்புக் கடையில் ஒரு முக்காலி கிடைத்தது. மச்சான் ஆணி எடு என்றால் ஆணி, டீ வாங்கி வா என்றால் டீ. அந்த முக்காலியிலிருந்து எழுந்துதான் நிரோஷினியிடம் வந்து சேர்ந்தான். ராசாக்களின் பெயர், கோயில்களின் காலம், எல்லாவற்றையும் தக்காளி விலை மாதிரி மனப்பாடம் செய்துவிட்டான்.

அன்று காலை நிரோஷினி சொன்னார்:

“இன்னைக்குப் பூரா நீங்க பேசுங்கண்ணே. நாளைக்கு வேற ஒரு கூட்டம் வருது. இன்னைக்கு நல்லபடியாப் போச்சுன்னா அவங்க உங்க பொறுப்பு.”

“போகலைன்னா, டீச்சர்?”

“மச்சான் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க?”

அங்கமுத்து வேனில் ஏறினான்.

வந்திருந்தது திருநெல்வேலிக் கூட்டம். குற்றாலிங்கம் என்ற உர வியாபாரி, அவர் மனைவி சங்கரவடிவு, கூடச் சில சொந்தக்காரர்கள். குற்றாலிங்கத்தின் காதில் போன் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவருடைய யூரியா லாரி எங்கேயோ நின்றுபோயிருந்தது. சங்கரவடிவு எந்தச் சாமியைக் கண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய வேண்டுதல்களை ஒப்பிப்பார். சின்ன மகனின் வேலையில் தொடங்கி மருமகளின் முழங்கால் வரைக்கும் போகும்.

முதலில் கண்டி வாவி. கரை முழுக்க மேகம் சுருண்டு சுருண்டு போகிற மாதிரி ஒரு வெள்ளை மதில். அதில் வரிசையாக முக்கோண மாடங்கள், விளக்கு வைப்பதற்கு. அத்தனையிலும் சுடர் நின்றால் இந்தத் தண்ணீர் எப்படி இருக்கும்! நல்ல சரக்கை நல்ல சரக்கு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டியவன் ரசிகன்.

“இது கடைசி ராசா வெட்டின குளம்,” என்று அங்கமுத்து முழங்கினான். “வெட்டினாரே தவிர ரொம்பக் காலம் அனுபவிக்கலை. வெள்ளைக்காரன் பிடிச்சு உங்க வேலூருக்குக் கொண்டுபோயிட்டான். கடைசி மூச்சும் அங்கதான்.”

“வேலூருக்கா?” சங்கரவடிவு கன்னத்தில் கை வைத்தார். “இந்தக் குளுமையில இருந்த மனுசனை அந்த வெயில்லயா கொண்டு அடச்சாங்க? படுபாவிங்க!”

அரசவை மண்டபத்துக்குப் போனார்கள். மரத்தூண்கள். மரம் என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்ப முடியும், அப்படி ஒரு செதுக்கல். உளி பட்ட இடமெல்லாம் வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. புத்தரின் பல்லை வைத்துப் பூசிக்கிற தலதா மாளிகையில் மத்தளம் அதிர்ந்தது. தட்டுத் தட்டாகத் தாமரை. சங்கரவடிவு ஒரு பூவை மூக்கருகே கொண்டுபோனார்.

“முகராதீங்கம்மா! வாசனை முதல்ல புத்தருக்கு.”

அவர் சட்டென்று பூவை இறக்கினார். அங்கமுத்து ஓரக்கண்ணால் நிரோஷினியைப் பார்த்தான். நிரோஷினி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அது அவனுக்குப் போதும். நாளைக்குக் கூட்டம் கைக்கு வந்த மாதிரியே இருந்தது.

அடுத்தது ஒரு குகை விகாரை. வாசலிலேயே அங்கமுத்து எல்லோரையும் நிறுத்தினான்.

“உள்ளே புத்தருக்கு முதுகு காட்டி யாரும் நிக்கக் கூடாது. போட்டோவுக்கும் கூடாது. இங்க அது பெரிய குத்தம்.”

சொன்னபடியே செய்து காட்டவும் வேண்டுமே. உள்ளே போனதும் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். ஆரம்பித்தான். குகையைக் குடைந்தது யார், கூரைச் சித்திரத்துக்கு மஞ்சள் எதிலிருந்து, சிவப்பு எதிலிருந்து, எந்த ராசா எந்த வயலைக் கோயிலுக்கு எழுதி வைத்தான், ஒன்றையும் விடவில்லை. குகை வேறு குரலை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

முடித்துவிட்டுத் திரும்பினான். ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது.

வெளியே மரத்தடியில் திருநெல்வேலி முழுவதும் மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி தின்றுகொண்டிருந்தது. நிரோஷினியின் கையிலும் ஒரு துண்டு.

அங்கமுத்துவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“என்ன மனுசங்க நீங்க? நான் அங்க தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க இங்க உக்காந்து அன்னாசி மேயிறீங்களா?”

குற்றாலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“யோவ், மேயிறதுன்னா ஆடா மாடா நாங்க? முதுகுகிட்ட எவ்வளவு நேரம்வே கதை கேக்கது? உம்ம சட்டையில எத்தனை சுருக்கம் இருக்குன்னு வேணா சொல்லுதேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிரோஷினியிடம் திரும்பினார்.

“இனிமே நீங்களே சொல்லுங்கம்மா. இவரு பேச வேண்டாம்.”

“சரிங்க,” என்றார் நிரோஷினி.

அவ்வளவுதான். பேரம் முடிந்தது. அங்கமுத்து முன் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். வேன் மலைப்பாதையில் நான்கு வளைவு திரும்பியது.

“நான் யாருக்குப் பேசினேன், டீச்சர்?” என்றான் கடைசியில்.

“புத்தருக்கு. அவர் பொறுமையாத்தான் கேட்டிருப்பார்.”

“கிண்டல் பண்ணாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கம் முதுகு காட்டினா குத்தம். இந்தப் பக்கம் முதுகு காட்டினா ஆள் இல்லை. அப்போ இந்தத் தொழில்ல எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறது?”

நிரோஷினி கியரை மாற்றினார்.

அடுத்த விகாரை மூங்கில் தோப்புக்கு நடுவே இருந்தது. உள்ளே சம்மணமிட்டு அமர்ந்த புத்தர். நிரோஷினி சிலைக்கும் கூட்டத்துக்கும் இடையில் நிற்கவில்லை. பக்கச் சுவரோரம் போய் நின்றார். குரலை உயர்த்தவும் இல்லை.

“இந்தக் கண்ணைப் பாருங்க. சிலை செய்யிறப்போ உடம்பு, கை, காவி மடிப்பு எல்லாம் முதல்ல முடிஞ்சிடும். கண்ணை மட்டும் விட்டு வைப்பாங்க. நல்ல நேரம் பார்த்துத்தான் கண் திறப்பாங்க. கதவைச் சாத்திடுவாங்க. சித்திரக்காரர் சிலைக்கு முதுகைக் காட்டி நிப்பார்.”

“முதுகையா?” என்றான் அங்கமுத்து, பேசக் கூடாது என்பதை மறந்து.

“முதுகைத்தான். முதல் பார்வை நேரா மனுசன் மேல விழக் கூடாதாம். தாங்காதாம். அதனால முன்னால ஒரு கண்ணாடி. அதுல சிலையோட முகத்தைப் பார்த்துக்கிட்டு, தூரிகையைத் தோளுக்கு மேல பின்னால கொண்டுபோய் எழுதுவார்.”

“கை நடுங்காதா தாயி?” என்றார் சங்கரவடிவு.

“நடுங்கத்தான் செய்யும்மா.”

“கண்ணாடியில வலது இடதுல்லா மாறித் தெரியும்?” இது குற்றாலிங்கம். போன் கையில்தான் இருந்தது, காதில் இல்லை.

“ஆமாங்க. எழுதி முடிச்சதும் அவர் கண்ணைக் கட்டி வெளியில கூட்டிட்டு வருவாங்க. கட்டை அவிழ்த்ததும் முதல்ல ஒரு பானை மாதிரி எதையாவது பார்ப்பார். பார்வையோட தோஷம் அதோட போகட்டும்னு, பார்த்ததை அப்பவே உடைச்சிடுவார்.”

எல்லோரும் திரும்பிப் புத்தரின் கண்ணைப் பார்த்தார்கள். நீண்ட நேரம் பார்த்தார்கள். எந்த மனிதனோ மூச்சை அடக்கி, முதுகுப் பக்கம் எழுதிய கண். ஒரு கோடு பிசகவில்லை.

வெளியே வந்ததும் அங்கமுத்து குருவின் காதருகே குனிந்தான்.

“புரிஞ்சுது டீச்சர். சுவரோரமா, பக்கவாட்டுல நிக்கணும். அவ்வளவுதானே?”

“அது நிக்கிற இடம், அண்ணே. நீங்க கேட்டது எந்தப் பக்கம் பார்க்கிறதுன்னு.”

கடைசி இடம் ஒரு பாறை உச்சி. பெயர் வெளியில் பெரிதாகத் தெரியாத விகாரை. படிகளைப் பாறையிலேயே வெட்டியிருந்தார்கள். மேலே ஏறினால் மலை மலையாகத் தேயிலையும், நடுநடுவே வெள்ளியாக ஓடையும். பெரிய ஹாமுதுரு, அதாவது விகாரையின் மூத்த பிக்கு, சாவியோடு வந்து சிலை மண்டபத்தின் மரக்கதவைத் திறந்துவிட்டுப் போனார்.

“நீங்க உள்ளே போங்கண்ணே,” என்றார் நிரோஷினி. “நான் இங்க நிக்கிறேன்.”

“நானா? என்னைத்தான் வேண்டாம்னுட்டாங்களே.”

“பேசத்தானே வேண்டாம்னாங்க? உள்ள நுழைஞ்சதும் கதவை ஒட்டி வலது பக்கம் ஒரு மாடம் இருக்கு. அதுக்குள்ள வாசலைப் பார்த்து நில்லுங்க. அங்கேயிருந்து சிலை தெரியாது. எட்டிப் பார்க்காதீங்க. வெளியில வந்து சிலை எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும்.”

“பார்க்காம எப்படிச் சொல்றது?”

“போங்க. வெளிச்சம் இறங்குது.”

அங்கமுத்து போய் மாடத்தில் நின்றான். இருட்டுக்கு வாசனை இருந்தது. எண்ணெய், பழைய பூ, வௌவால். பிறகு வாசல் வழியே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

முதலில் குற்றாலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். எதிரே பார்த்தார். பார்வை மேலே போனது. இன்னும் மேலே போனது. கழுத்து பின்னால் சாய்ந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. கை மட்டும் கீழே இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டது. போன் அடித்தது. யாரென்று பார்க்காமலே அணைத்தார்.

அவருக்குப் பின்னால் சங்கரவடிவு. வழக்கம்போல் கையைக் கூப்பி உதட்டை அசைக்க ஆரம்பித்தார். மகனின் வேலை வரைக்கும் வந்திருக்கும். உதடு நின்றது. கண்ணை மூட மறந்துபோனார். நீண்ட நாள் கழித்துப் பிறந்த வீட்டு ஆளைத் தெருவில் பார்த்தவர் மாதிரி, மெல்லச் சிரித்தார்.

அங்கமுத்து அந்த முகங்களையே பார்த்தான். இருபத்தைந்து வருடம் சந்தையில் முகம் பார்த்தவன் அவன். எவன் வாங்குவான், எவன் நழுவுவான் என்று பார்த்த முகங்கள் அவை. இப்படி ஒரு முகத்தை அங்கே பார்த்ததில்லை.

சங்கரவடிவு அவன் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்.

“அண்ணாச்சி, இது எந்த ராசா செஞ்சது?”

ராசாவின் பெயர் தெரியும். வருடம் தெரியும். அவருடைய பட்டத்தரசியின் பெயர்கூட நாக்கு நுனியில் வந்து நின்றது. அங்கமுத்து எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

“பிறகு சொல்றேன்மா. நீங்க பாருங்க.”

அவர் பார்த்தார்.

எல்லோரும் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு அங்கமுத்து வெளியே வந்தான். ஹாமுதுரு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சிலை?” என்றார் நிரோஷினி.

“நிக்கிற கோலம், டீச்சர். நல்ல உயரம். குற்றாலிங்கம் ஐயாவுக்குக் கழுத்தே சுளுக்கியிருக்கும். பொன் பூச்சு இருக்கு, எல்லார் கன்னத்திலயும் மஞ்சளா அடிச்சுது. முகம் சாந்தம். அதுவும் சும்மா கல்லு மாதிரி சாந்தம் இல்லை. முதல்ல அதுதான் சிரிச்சிருக்கணும், அந்த அம்மா பதிலுக்குச் சிரிச்சாங்க. வலது கை உயர்ந்திருக்கு. பயப்படாதேன்னு சொல்ற கை. குற்றாலிங்கம் ஐயாவோட தோள் ரெண்டும் அப்படியே இறங்கிடுச்சு.”

“இடது கை?”

“அது தெரியலை. அந்தப் பக்கம் யாரும் பார்க்கலை.”

நிரோஷினி சிரித்தார். அங்கமுத்து சிரிக்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“சொல்ல வேண்டிய இடத்துல ஒரு சொல்லும் சொல்லலை. எனக்குத் தெரியும். நாளைக்கு நான் மச்சான் கடைக்கே போயிடுறேன். அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நான் சொன்ன மாதிரிதானே இருக்கு சிலை?”

“எனக்கெப்படிண்ணே தெரியும்?” நிரோஷினி வேன் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். “இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து நானும் அந்த மாடத்துலதானே நிக்கிறேன். நாளைக்கு வர்ற கூட்டத்தோட சேர்த்து எனக்கும் பின் சீட்டுல ஒரு இடம் வைங்க. என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.”