தன்னிடமே தோற்ற மகாராஜா

நாணற்கரை நாட்டைத் தேசப்படத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ராஜாவும் உண்டு, இணையமும் உண்டு. இரண்டில் எது எப்போது மக்கர் பண்ணும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த அரண்மனை நாளிதழுக்கு நான் ஆசிரியர். எங்கள் பத்திரிகையில் மகாராஜா மகிபாலர் தோற்றதே கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்தபோதுகூட, ‘தரையின் உறுதியை மன்னர் நேரில் ஆய்வு’ என்றுதான் போட்டேன். அவருக்கு இடுப்பு வலித்தது. எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை, பழகிவிட்டது.

ஒருநாள் ஆற்றின் மேல்பக்கத்து ராஜா கோதண்டராயர் திடீரென்று மதகை அடைத்துவிட்டார். எங்கள் நாற்றங்கால்கள் வெடிக்க ஆரம்பித்தன. காரணம் கேட்டு ஆள் அனுப்பினால், “உங்கள் ராஜாவை வரச்சொல்” என்று மட்டும் பதில் வந்தது.

போய்ப் பேசுவதற்கு முன் பழகிக்கொள்ள இணையத்தில் ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டினோம். எதிராளி எப்படிப்பட்டவர் என்று எழுதிக் கொடுத்தால், அது அவராகவே மாறி நம்மோடு வாதாடும். கடுமைக்கு மூன்று படிகள்: புலி, நரி, ஆட்டுக்குட்டி.

எங்கள் அரண்மனையில் ஒரு வழக்கம். சதுரங்கம் ஆடினால் அமைச்சரின் குதிரை தானாகப் போய் மன்னரின் யானைக்கு முன்னால் நிற்கும். ஆகவே மென்பொருளையும் ஆட்டுக்குட்டியில் வைத்தோம். பொத்தானை அழுத்தியது யார் என்று கேட்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் கண்ணாடி போட்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

மகாராஜா தட்டெழுதினார்: “எம் பாட்டனார் யானை ஏறினால் உம் மலையே குனியும்! திற மதகை!”

மென்பொருள் சொன்னது: “மன்னியுங்கள் பிரபு, திறந்துவிட்டேன்.”

தினமும் இதே கதை. மகாராஜாவின் மீசை தினமும் கொஞ்சம் மேலே போனது. கடைசியில் சபையில் அறிவித்தார்: “நாளை நான் புறப்படுகிறேன். ஆசிரியரே, ‘வெற்றி’ என்று இப்போதே தலைப்புப் போட்டு வையும்.”

முதலமைச்சர் நல்லசிவம் என் காதைக் கடித்தார். “இந்தப் பேச்சை அங்கே பேசினால் மதகுக்குப் பதில் சுவரே எழுப்பிவிடுவான் ஐயா. நாற்று போச்சு! நீர் எப்படியாவது தடுத்து நிறுத்தும்.”

“நீங்கள் சொல்லுங்களேன்.”

“எனக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள்.”

“எனக்கு மட்டும் என்ன, இரண்டு தலையா இருக்கிறது?”

பயந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். எழுந்து கும்பிட்டேன்.

“மகாராஜா, அந்த மென்பொருளுக்குக் கோதண்டராயர் வேஷம் பொருந்தவில்லை. நீங்கள் போட்டால் எடுபடும். அதில் இடம் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. நீங்கள் கோதண்டராயராக உட்காருங்கள். அது நீங்களாகப் பேசட்டும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நம் மன்னரே வெல்வார் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறேன்.”

மகாராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. உட்கார்ந்தார்.

திரையில் எழுத்து ஓடியது: “எம் பாட்டனார் யானை ஏறினால்...”

“உன் பாட்டன் யானை இருக்கட்டும்! மதகை ஏன் அடைத்தேன் என்று கேட்டாயா?” என்று மகாராஜா திருப்பி அடித்தார்.

“உம் மலையே குனியும்!”

“அடேய்! போன திருவிழாவில் எல்லையம்மன் கோயில் பரிவட்டத்தை முதலில் நீ கட்டிக்கொண்டாய். ஊர் பார்க்க என்னைக் கைகட்டி நிற்க வைத்தாய். முதல் மரியாதையை எனக்குக் கொடு, இப்போதே திறக்கிறேன்!”

சபை மூச்சை இழுத்தது. இத்தனை நாள் தெரியாத காரணம், இடம் மாறி உட்கார்ந்ததும் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

“திற மதகை!” என்றது திரை.

மகாராஜா மேசையைத் தட்டினார். “வழி சொல்கிறேன், காதிலேயே வாங்கமாட்டேன் என்கிறானே! யாரய்யா இந்த முட்டாள்?”

முதலமைச்சர் கூரையைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

“அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, மகாராஜா. ஆனால் திரையில் வருவதெல்லாம் நீங்கள் தட்டெழுதியதுதான்.”

கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “பட்டுத் துணியோடு கோயிலுக்குக் கிளம்புங்கள்!” என்றார்.

எல்லையம்மன் சந்நிதியில் முதல் பரிவட்டம் கோதண்டராயர் தலையில் ஏறியது. அன்று மாலையே எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பிரசாதம் சாப்பிடும்போது கோதண்டராயர் மெல்லச் சொன்னார்: “நானும் இணையத்தில் அதே மென்பொருளில்தான் பழகினேன். அதில் நீங்கள் தினமும் என் காலில் விழுந்தீர்கள். நேரிலும் விழுவீர்கள் என்றுதான் மதகைத் திறக்காமல் வைத்திருந்தேன்.”

“எங்கள் பக்கத்தில் நீங்கள் விழுந்தீர்கள்,” என்றார் மகிபாலர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். இரண்டு இடுப்பிலும் வாள்.

“ஆசிரியரே, நீரே சொல்லும். எங்களில் ஜெயித்தது யார்?”

“இரண்டு பேரிடமும் சந்தா வாங்கிய மென்பொருள்காரன்தான், மகாராஜா.”

சந்நிதி அதிரச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும், பரிசு கேட்கலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.