ஃபேன் காற்றில் பறந்த சரக்கு

"வாயைத் திறந்தே, வேலை போச்சு," என்று ஸ்டோர் கீப்பர் மரியதாஸை மிரட்டினார் எம்.டி. ரகுநந்தன். கம்ப்யூட்டர் சிப் தட்டுப்பாட்டால் அந்த ஓசூர் கம்பெனிக்கு மூன்று மாதமாகச் சரக்கே வரவில்லை. ஆனாலும் பணம் போடுபவர்களுக்குக் காட்ட அலமாரி நிறையக் காலிப் பெட்டிகளை அடுக்கியாயிற்று. ஏற்கெனவே முதலீடு செய்திருந்த கனகவல்லி டீச்சர், மிச்ச பென்ஷன் பணத்தையும் போட செக்கோடு வந்துவிட்டார்.

"இத்தனையும் சிப்பா சார்?"

"முழுக்க, மேடம். உட்காருங்க. யோவ், மேடத்துக்கு ஃபேனைப் போடு."

மரியதாஸ் பெரிய ஃபேனை அலமாரிப் பக்கம் திருப்பிப் போட்டார். பெட்டிகள் பறந்தன. ஒன்று டீச்சர் மடியில் விழுந்து திறந்துகொண்டது. டீச்சர் உள்ளே பார்த்தார், செக்கை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"என்னய்யா செஞ்சே?"

"நான் வாயைத் திறக்கலையே சார். பெட்டிதான் திறந்துச்சு."

கனத்துக்காகப் பெட்டிக்கு ஒரு அரைச் செங்கல் வைக்கச் சொல்லியிருந்தார் எம்.டி. மரியதாஸ் வைக்கவில்லை.