பொன்னாடை போர்த்திய மானிட்டர்

கோவில்பட்டிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றின் முதல்வர் தனுஷ்கோடி. விழாவில் தனக்குப் போர்த்திய பொன்னாடையைத் தன் அறை மேசையிலிருந்த பெரிய மானிட்டருக்குப் போர்த்திவிட்டு, "இதை யாரும் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் காலை லேப்டாப்பை ஆன் செய்தார். ஓடுகிற சத்தம் கேட்டது. லேப்டாப் திரை மட்டும் கறுப்பு.

"மேசையைத் துடைக்கிறேன்னு தண்ணிய ஊத்திட்டே" என்று துப்புரவு வேலை பார்க்கும் பேச்சித்தாய் மேல் பாய்ந்தார். "பத்து நிமிஷத்துல படம் வரணும். லேப்டாப்புல கை வைக்கவும் கூடாது. வரலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

ஆசிரியர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பேச்சித்தாய் லேப்டாப்பிலிருந்து போன வயரைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது பொன்னாடைக்குள் நுழைந்தது. அங்கே துணி ஓரத்தில் மானிட்டரின் சின்ன விளக்கு எரிந்தது.

"சார், நேத்து நான் கூட்டத்துல பின்னால நின்னேன். பொன்னாடையோட உங்களைச் சரியாப் பாக்கல. ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

முதல்வர் முகம் மலர்ந்தது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் மானிட்டர் பளிச்சென்று தெரிந்தது. லேப்டாப் தன் தொடக்கத் திரையை அதில் மட்டும் காட்டி, ஏதாவதொரு பொத்தானை அழுத்தச் சொல்லி, அவ்வளவு நேரமும் காத்திருந்தது. வாசலில் ஒருவர் சிரித்தேவிட்டார்.

"தெரிஞ்சிருந்தா நீயே எடுத்திருக்க வேண்டியதுதானே?" என்றார் முதல்வர்.

"தொடக் கூடாதுன்னீங்களே சார்," என்றாள் பேச்சித்தாய். "அதனாலதான் இன்னிக்கு நான் மேசையையே துடைக்கல."