மடத்து நாய் படுத்த இடம்

“அம்மா, என் மண்டபத்துல உட்கார்ந்தா பல் தந்தியடிக்குதுன்னு ஊரே சிரிக்குது” என்றார் வேலாயுதம்.

மடத்துச் சமையலறையில் குரு யாங்டோல் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். பெண் துறவி; வயதில் சீடர் வேலாயுதத்தைவிட இளையவர்.

வேலாயுதம் அருப்புக்கோட்டை மேஸ்திரி. வெயிலுக்காகவே வீடு கட்டிப் பழகிய கை. ஞானம் தேடிப் பனிமலைக்கு வந்தவரை, குளிர்காலத்தில் ஊர் கூடியிருக்க ஒரு மண்டபம் கட்டித் தரச் சொன்னார்கள். ஆசை ஆசையாகக் கட்டினார். உயரமான கூரை, வெயில் விழாத வடக்கு வாசல், எதிரும் புதிருமாகப் பெரிய பெரிய ஜன்னல்கள்.

“எதுக்கு இத்தனை ஜன்னல், மேஸ்திரி?” என்று குரு அப்போதே கேட்டிருந்தார்.

“காத்தோட்டம் வேணாமாம்மா?”

ஊரார் கோடையெல்லாம் சேர்த்து வைத்த வறட்டியை அந்த மண்டபம் பாதிக் குளிர்காலத்திலேயே தின்று தீர்த்தது. இந்த ஆண்டும் அப்படியானால் ஊரே மலையிறங்கிவிடும். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது.

“வேற ஒண்ணு கட்டறேம்மா. தரை உறையறதுக்குள்ள அஸ்திவாரம் தோண்டியாகணும். எங்கே கட்டறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு என்ன தெரியும்? அவனைக் கேளுங்க.”

குரு கை காட்டிய இடத்தில் மடத்து நாய் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

வேலாயுதத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாய் பின்னாலேயே போனார்.

நாய் அவருடைய மண்டபத்து வாசலை மோந்து பார்த்தது. நிற்காமல் நடந்தது.

திடலில் காற்று அறைந்தது. அங்கும் நிற்கவில்லை.

ஊர்க்கோடியில் ஒரு பெரும்பாறை. அதன் தென்புறத்தில் போய்ச் சுருண்டு படுத்தது.

வேலாயுதமும் பக்கத்தில் உட்கார்ந்தார். வடக்குக் காற்றைப் பாறை தடுத்துக்கொண்டது. வெயில் தாழ்வாக வந்து நேரே முகத்தில் விழுந்தது.

சற்று நேரத்தில் கம்பளி நூற்றுக்கொண்டே இரண்டு பெண்கள் வந்தார்கள். நாயைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கதை பேசினார்கள்.

வெயில் போன பிறகும் பாறை, இறக்கி வைத்த தோசைக்கல் போல வெதுவெதுப்பாக இருந்தது. பெண்கள் எழுந்து போக மனமில்லாமல் இருந்து இருந்து போனார்கள்.

வேலாயுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாறையே பின்சுவர். தாழ்ந்த கூரை. ஜன்னல் தெற்கில் மட்டும். குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தார்.

கோடு ஒரு சுவரில் முட்டி நின்றது.

அது குருவின் குடிசை. அந்தப் பாறையில் முதுகைச் சாய்த்திருந்தது.

அவசர அவசரமாகக் காலால் கோட்டை அழித்தார்.

இருட்டும் முன் குரு வீடு திரும்பினார்.

“இடம் கிடைச்சுதா, மேஸ்திரி?”

“இல்லம்மா.”

குரு நாயைப் பார்த்தார். பாதி அழிந்த கோட்டைப் பார்த்தார். குடிசைக்குள் போனார்.

வெளியே வரும்போது சுருட்டிய படுக்கை கக்கத்தில் இருந்தது.

“ரொம்ப நாளா இவன் என்னைப் பார்த்து உறுமிக்கிட்டே இருக்கான். காரணம் இப்பதான் புரியுது.”

வேலாயுதம் ஓடிப்போய்ப் படுக்கையை வாங்கிக்கொண்டார். “நீங்க எங்கேம்மா போவீங்க?”

“உங்க மண்டபம் சும்மாதானே கிடக்குது? வாங்க, ஜன்னலை அடைக்கலாம்.”