ஐந்தாம் ஃப்ரெட்டும் தேங்காய்ச் சட்னியும்

குரூஸ் மிக்கேல் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரே டீச்சர் வீட்டு அடுப்படிக்குள் போய் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. அவருடைய கிட்டார் குரு பெர்பெத்துவாவுக்கு இருபத்தாறு. அவள் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள! நீ சொல்லிக்குடுத்த லட்சணத்துல என் மானம் கப்பலேறிப் போச்சு!"

என்றைக்கும் வாய் நிறைய 'டீச்சர்' என்பவர்தான். இன்றைக்கு மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது.

கோபம் வராமல் என்ன செய்யும்? மெல்லிசைக் குழுவில் அந்த இடத்துக்கு எட்டு வருஷம் காத்துக் கிடந்தார். பெண்டடானிக் என்று ஐந்தே சுரம், விரல் வைக்க ஒரே வடிவம். ஷிப்ட் முடிந்து வந்து அதைக் கிட்டார் கழுத்தின் ஐந்தாம் கட்டமான ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்து உருப்போட்டு உருப்போட்டு விரல் காய்த்தே போயிற்று. நேற்று கச்சேரியில் பாடகி ஜாய்ஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடினாள். கீபோர்டும் பேஸும் கூடவே இறங்கிவிட்டன. இவர் மட்டும் தன் சோலோவை அதே ஐந்தாம் ஃப்ரெட்டில் வாசித்துத் தள்ளினார். நாராசம்! ஜாய்ஸ் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கூட்டமே சிரித்தது.

"ஞாயித்துக்கிழமையும் இப்படின்னா உமக்குப் பதிலா வேற ஆளு" என்று குழுத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"அதே வடிவத்த ரெண்டு ஃப்ரெட் கீழ தள்ளி வாசிச்சிருந்தா முடிஞ்சது" என்றாள் பெர்பெத்துவா.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? எறக்குனது எப்படித் தெரியும்?"

"விரலப் பாத்துக்கிட்டா இருந்தீய?"

"பின்ன வானத்தையா பாப்பாங்க? எறக்குறோம்னு எவனாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா?"

அவளுக்கும் மூக்கு சிவந்துவிட்டது. தேங்காயை ஜாரில் கொட்டி, மூடியை அழுத்தி, மிக்ஸியைத் திருகினாள்.

வயிறெரிந்து பேசிக்கொண்டிருக்கிற மனுஷன் முன்னால் சட்னி அரைக்கிறாளே! மிக்கேலுக்கு உச்சி மண்டை கொதித்தது. கழுத்து நரம்பு புடைக்க, மிக்ஸிக்கு மேல் கத்தினார்.

"எறக்குறோம்னு எவனாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா?"

அவள் மிக்ஸியை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி இப்படிக் கத்துதீய?"

"மிக்ஸி இந்தப் போடு போட்டா கத்தாம? நான் பேசுறது கேக்க வேண்டாமா?"

"முதல்ல சொன்ன அதே பேச்சுதானே?"

"அதேதான். ஒரு எழுத்து மாத்தல. சத்தத்தத்தான் ஏத்துனேன்."

பெர்பெத்துவா மூடியைத் திறந்து, ஒட்டியிருந்த தேங்காயைக் கரண்டியால் வழித்தாள்.

"மிக்ஸி போடப்போறேன்னு நான் உங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னேனா?"